தெர்மோஸ்டாட் ஹவுசிங் ஒழுகினால்: மலையேறும் டீசல் லொறிகளுக்கு

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் எஞ்சினில் வந்து சேரும் இடத்தில் வளைந்த ஒரு அலுமினிய மூடி இருக்கும். அதுதான் தெர்மோஸ்டாட் ஹவுசிங். தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு அதற்குள்தான் இருக்கும். அதன் விளிம்பில் சொட்டத் தொடங்கும் தண்ணீரை யாரும் அவ்வளவு பெரிதாக எடுப்பதில்லை. காலையில் ஒரு போத்தல் ஊற்றிவிட்டுக் கொழுந்து ஏற்றப் போய்விடுவார்கள். சமதரையில் மாதக்கணக்கில் இப்படி ஓடிய லொறிகள் உண்டு. நுவரெலியாப் பாதையில் கம்பளையில் ஏறத் தொடங்கி புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை என்று பாரத்தோடு போகிறவர் அந்த நம்பிக்கையை வைக்கக் கூடாது.

ஒழுக்கில் தண்ணீரோடு சேர்ந்து அமுக்கமும் போகிறது என்பதே விஷயம். சாதாரணத் தண்ணீர் கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு பாகை இறங்கும். ஹட்டனில் அது 96க்குக் கிட்ட, 1868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் 94. ரேடியேட்டர் மூடி 0.9 பார் அமுக்கத்தைப் பிடித்து வைத்திருந்தால் நுவரெலியாவிலும் 115 பாகை வரை கொதிக்காது. ஹவுசிங் ஒழுகினால் மூடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அமுக்கம் நிற்காது. ஒழுக்கு பெருக்கப் பெருக்க கொதிநிலை 94ஐ நோக்கி இறங்கும். சாதாரணமாகப் போடும் 82 பாகை தெர்மோஸ்டாட் முழுதாகத் திறப்பது 95இல். அதாவது வால்வு முழுதாகத் திறக்க முன்னரே ஹெட்டுக்குள் (சிலிண்டர்களை மூடும் எஞ்சினின் மேல் பாகம்) தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். கொதித்த இடத்தில் ஆவிதான் நிற்கும், அது உலோகத்தைக் குளிர்விக்காது. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போவது இப்படித்தான்.

மலைநாட்டு லொறிகளில் இந்த ஹவுசிங் அடிக்கடி ஒழுகுவதற்கும் காரணம் உண்டு. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஏற்றத்தில் எஞ்சின் நன்றாகச் சூடாகும். அதே லொறி ஹக்கலைப் பக்கம் கியரில் இறங்கும்போது டீசல் போகாமல் சட்டென்று ஆறும். ஒரு நாளில் நாலைந்து தடவை விரிந்து சுருங்கினால் இரும்பு ஹெட்டுக்கும் அலுமினிய மூடிக்கும் நடுவில் இருக்கிற பெக்கிங் அரைபட்டு, போல்ட்டும் தளர்ந்துவிடும். போதாததற்கு மலை ஊற்றில் இருந்து வரும் பீலித் தண்ணீர். குடிக்க அருமையான தண்ணீர்தான், ஆனால் அதில் துருவைத் தடுக்கும் மருந்து ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீரில் ஓடும் அலுமினியம் உள்ளிருந்து குழி குழியாக அரித்துப் போகும்.

ஹவுசிங்தான் ஒழுகுகிறதா?

கழற்றுவதற்கு முன் இதை உறுதிப்படுத்துங்கள். பாதிப் பேர் பெக்கிங் மாற்றிய பிறகும் ஒழுகுகிறது என்று வருவது இந்த இடத்தில் அவசரப்பட்டதால்.

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஹவுசிங்கையும் சுற்றுப்புறத்தையும் கழுவித் துணியால் துடைத்து உலர விடுங்கள். பழைய ஒழுக்கு வெள்ளை, பச்சை அல்லது துரு நிறத்தில் பொருக்காகக் காய்ந்திருக்கும். கழுவும் முன் அந்தப் பொருக்கு எங்கே தடிப்பாக இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். ஒழுகுமிடம் பெரும்பாலும் அங்கேதான். கீழே சொட்டும் இடத்தை நம்ப வேண்டாம். ஹவுசிங்கில் இருந்து வழியும் தண்ணீர் ஹெட் ஓரமாக ஓடி, டீசல் பம்ப்புக்குப் பக்கத்திலோ, சில நேரம் கியர்பெட்டி சேரும் இடத்திலோ போய்ச் சொட்டும்.

ரேடியேட்டரில் மாட்டும் அமுக்கப் பம்ப் கராஜில் இருந்தால் வேலை சுலபம். மூடியில் அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள்: 0.5, 0.9, 1.1 என்று வண்டிக்கு வண்டி வேறுபடும். அந்த அளவு வரைக்கும் அடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பத்து நிமிடம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். மூடியையும் அதே பம்ப்பில் சோதியுங்கள்; ரப்பர் வெடித்த மூடியோடு புது பெக்கிங் போட்டு ஒரு பயனும் இல்லை.

பம்ப் இல்லாவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சூடேறி மேல் ஹோஸ் இறுகும் வரை விட்டு, டோர்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் நான்கு சாத்தியம் உண்டு. ஹவுசிங்கும் ஹெட்டும் சேரும் கோட்டில் வந்தால் பெக்கிங் அல்லது ஓ-ரிங். ஹோஸ் கிளிப்புக்கு அடியில் வந்தால் ஹோஸ் முனை இறுகிப் போயிருக்கும், அல்லது ஹவுசிங்கின் கழுத்து அரித்திருக்கும். வெப்பமானியின் சென்சர் திருகும் இடத்தில் வந்தால் அதன் செம்பு வாஷரை மாற்றினாலே வேலை முடிந்தது. ஹவுசிங்கின் உடம்பிலேயே மயிர்க்கோடாக ஈரம் தெரிந்தால் வெடிப்பு. அதற்குப் புது ஹவுசிங் தவிர வேறு வழி பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் கழித்துவிட வேண்டும். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, மூடி திறந்த ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, ஹெட் கேஸ்கட் வழியாகச் சிலிண்டரின் காற்று தண்ணீருக்குள் வருகிறது. அந்த அமுக்கம்தான் ஹவுசிங்கை ஒழுக வைக்கிறது. அப்படியிருக்க பெக்கிங் மட்டும் மாற்றினால் ஒரு கிழமைகூட நிற்காது.

வாங்க வேண்டியவை

புது பெக்கிங் அல்லது ஓ-ரிங், புது தெர்மோஸ்டாட், இரண்டு ஹோஸ் கிளிப், போல்ட்டுகள், கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும், அரிப்பைத் தடுக்கும் திரவம்), காய்ச்சி வடித்த தண்ணீர். தெர்மோஸ்டாட்டின் வளையத்தில் 76.5, 82, 85 என்று ஏதாவது ஒரு எண் அடித்திருக்கும். பழையதில் இருக்கிற அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். குறைந்த எண் போட்டால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்று நினைப்பது தவறு. வால்வு முழுதாகத் திறந்த பிறகு எல்லாம் ஒன்றுதான், ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியேற்றுகிறதோ அவ்வளவுதான். பெரிய எஞ்சின்கள் சிலவற்றில் இரண்டு தெர்மோஸ்டாட் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவற்றைச் சோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கும் ரீகண்டிஷன் ஹவுசிங் வாங்குவதானால், ஹோஸ் கழுத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வெளியே பெயின்ட் அடித்து மினுக்கியிருப்பார்கள். உள்ளே குழி இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஸ்பேனரில் ஒரு சின்ன விஷயம். ஹவுசிங் போல்ட்டுகள் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் தடிப்பானவை. எல்ஃப், கென்டர் போன்ற ஜப்பான் லொறிகளில் அவற்றின் தலை பெரும்பாலும் 12. டாடா, லேலண்டில் 13. 12 தலைக்கு 13ஐப் போட்டுத் திருகினால் முனை மழுங்கி, பிறகு அது எதற்கும் பிடி கொடுக்காது. ஆறுமூலை சொக்கெட்டே நல்லது.

கழற்றுதல்

லொறியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். கெபின் தூக்கும் லொறி சரிவில் கீழ்நோக்கி நிற்கும்போது கெபினைத் தூக்கக் கூடாது. பாரம் முன்னுக்குப் போய் கையை மீறி விழும். தூக்கிய பிறகு தாங்கு கம்பியின் பூட்டு விழுந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையை உள்ளே விட வேண்டும். பெட்டரியின் நெகட்டிவ் (-) முனை வயரைக் கழற்றிவிடுங்கள்.

மேல் ஹோஸைப் பிடித்தால் கை சுடாத அளவுக்கு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். பாரத்தோடு ஏறி வந்த எஞ்சினுக்கு ஒரு மணித்தியாலமாவது வேண்டும்.

தண்ணீர் முழுவதையும் இறக்கத் தேவையில்லை. ஹவுசிங்கின் மட்டத்துக்குக் கீழே போனால் போதும். சிறிய லொறியில் மூன்று நான்கு லீட்டர். சுத்தமான பேசினில் பிடித்து அளந்து வையுங்கள், அதே அளவுதான் திரும்பப் போக வேண்டும். துரு நிறத்தில் வந்தால் மட்டும் முழுதாக இறக்கிக் கழுவுங்கள். கூலண்ட் இனிப்பான நஞ்சு, நாயும் பிள்ளையும் நக்கினால் உயிருக்கு ஆபத்து. கானில் (வடிகாலில்) ஊற்றினால் அது கீழே இன்னொரு லயத்தின் பீலிக்குத்தான் போய்ச் சேரும். கேனில் அடைத்து வையுங்கள்.

ஹோஸ் கழுத்தில் ஒட்டிக்கொண்டால் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்ப வேண்டாம். அலுமினியத்தில் விழும் கீறல் அடுத்த ஒழுக்குக்கு வழி. ஹோஸைப் பிடித்து முறுக்குங்கள், அசையாவிட்டால் நீளமாகக் கத்தியால் கீறி உரித்துவிட்டுப் புது ஹோஸ் போடுங்கள். ஹோஸின் விலை ஹவுசிங்கின் விலையைவிடக் குறைவு.

இனி போல்ட்டுகள். முழு வேலையிலும் பொறுமை தேவைப்படுவது இங்கேதான். அலுமினியத்துக்குள் வருடக்கணக்கில் ஈரத்தோடு இருந்த இரும்பு போல்ட் வெள்ளைப் பொடியால் இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது நல்லது. போல்ட் தலையில் சிறிய சுத்தியலால் நேராக நாலைந்து தட்டுத் தட்டுங்கள். பிறகு கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாக வாருங்கள். 'கிரீச்' என்று சத்தம் வந்து ரப்பரை முறுக்குவது போலக் கைக்குத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அது உடையப் போகும் போல்ட். ஹோஸையும் பெட்டரி வயரையும் திரும்பப் பூட்டி, தண்ணீர் நிரப்பி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட விட்டு ஹவுசிங்கைச் சூடாக்கி, பிறகு அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். ஆவி வெளியேறும் நிலைக்கு விட வேண்டாம், இளஞ்சூடு போதும்.

உடைந்தே போனால், மீதியின் நட்ட நடுவில் பஞ்ச் அடித்து, 5 மில்லிமீட்டர் துளைக் கம்பியால் துளைத்து எடுக்கப் பாருங்கள். இடப்பக்கம் சுற்றும் துளைக் கம்பி இருந்தால் துளைக்கும்போதே மீதி கழன்று வருவதும் உண்டு. மரை (திருகுப் புரி) அடிபட்டிருந்தால் கம்பிச் சுருள் மரை போட வேண்டும். அதை லேத் வேலைக்காரரிடம் கொடுங்கள். ஹெட்டில் கோணலாகத் துளைத்தால் பிறகு ஹெட்டையே கழற்றும் வேலையாகிவிடும்.

போல்ட்டுகள் ஒரே நீளமாக இராது. ஒரு அட்டையில் ஹவுசிங்கின் படத்தைக் கீறி, எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டால் அடியில் முட்டி நிற்கும். இறுகியது போலத் தோன்றும், ஹவுசிங் இறுகியிருக்காது.

முகம் சுத்தமாக்குதல்

பழைய பெக்கிங்கைப் பிளேட்டாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ எடுங்கள். சுரண்டும் முன் ஹெட்டின் துளைக்குள் துணியை அடைத்துவிடுங்கள், துணுக்குகள் உள்ளே விழுந்தால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய்த் தங்கும். கிரைண்டரில் பிரஷ் மாட்டி அலுமினியத்தைத் தேய்ப்பவர்கள் உண்டு. இரண்டு செக்கனில் பள்ளம் விழுந்துவிடும், வேண்டாம்.

அடுத்து ஹவுசிங்கின் முகம் தட்டையா என்று பாருங்கள். எஃகு ரூலரை விளிம்பில் நிறுத்தி அடியில் ஃபீலர் கேஜ் விடுங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் முகம் வளைந்திருக்கிறது. யாரோ ஒருவர் முன்பு ஒழுக்கை நிறுத்துவதற்காக போல்ட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கியதன் பலன் இது: போல்ட் இருக்கும் காதுகள் கீழே போய், நடுப்பகுதி வில்லாக மேலே நிற்கும். எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகுவது இதனால்தான். இறுக்க இறுக்க இன்னும் வளையும்.

சரி செய்யத் தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று போதும். அதன் மேல் 120 நம்பர் எமரித்தாளைத் தண்ணீர் விட்டு ஒட்டி, ஹவுசிங்கைக் கவிழ்த்து எட்டு வடிவில் தேயுங்கள். முகம் முழுவதும் மார்க்கர் பேனாவால் கீறிவிட்டுத் தேய்த்தால் மேடு பள்ளம் தெரியும்: மை அழிந்த இடம் மேடு, மிச்சமிருக்கும் இடம் பள்ளம். எல்லா மையும் அழிந்ததும் 240க்கு மாறி முடியுங்கள். ஓ-ரிங் பள்ளம் உள்ள ஹவுசிங்கில் அதிகம் தேய்க்கக் கூடாது. பள்ளத்தின் ஆழம் குறைந்தால் ஓ-ரிங் நசுங்கிப் பிய்ந்துவிடும்.

கழுத்தில் சிறு குழிகள் மட்டும் என்றால் அசிற்றோனால் துடைத்து, இரு கூறாகக் கலக்கும் உலோக எபொக்சி பூசி, ஒரு நாள் காய விட்டுத் தேய்த்து வட்டமாக்கலாம். பெக்கிங் உட்காரும் முகத்தில், உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அரித்திருந்தால் ஹவுசிங்கை மாற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சட்டியில் பார்த்தல்

பழையதையே போடுவதாக இருந்தால், அல்லது புதியதையும் நம்பாவிட்டால், கொதிக்க வைத்துப் பார்க்கலாம். வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகித் தண்ணீரில் தொங்க விடுங்கள். சட்டியின் அடியைத் தொடக் கூடாது. வெப்பமானியைப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சூடாக்குங்கள். நூல் நழுவி தெர்மோஸ்டாட் விழும் நேரத்தில் வால்வு திறக்கத் தொடங்குகிறது. 82 என்று அடித்தது 80க்கும் 84க்கும் நடுவில் திறந்தால் நல்லது.

முழுதாகத் திறக்கும்போது வால்வு 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை உயர வேண்டும் என்று கையேடுகள் சொல்லும். அந்த அளவு 95 பாகைக்கு உரியது. நுவரெலியாவிலோ பட்டிப்பொலவிலோ சட்டித் தண்ணீர் 94ஐத் தாண்டாது. எவ்வளவு விறகு வைத்தாலும் தாண்டாது. அங்கே உயரம் கொஞ்சம் குறைவாக வந்தால் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லிக் கழிக்காதீர்கள். திறக்கத் தொடங்கும் வெப்பநிலையையும், ஆறியதும் முழுதாக மூடுகிறதா என்பதையும் பார்த்தால் போதும்.

தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிற லொறிகள் நம் பக்கம் நிறைய. காலைக் குளிரில் அந்த எஞ்சின் சூடாகவே நேரம் போகும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், வெள்ளைப் புகை விடும், ஒயில் கெட்டியாகும், ரிங் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூடு குறையட்டும் என்று கழற்றிய லொறி ஏற்றத்தில் கொதிப்பது அதனால்தான்.

பூட்டுதல்

தெர்மோஸ்டாட்டின் சுருளும் மெழுகுக் குப்பியும் எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். மாறிப் பூட்டினால் வால்வு சூடான தண்ணீரைச் சரியாக உணராது. வளையத்தில் ஆடும் சிறு முள் போன்ற காற்று வால்வு இருந்தால் அது மேலே, கடிகாரத்தின் 12 மணி இடத்தில் வரட்டும். வளையம் பள்ளத்துக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றித் தடவுங்கள். வளையம் விலகியிருக்க மூடியை இறுக்கினால் காது உடையும்.

காகித பெக்கிங்குக்கு இரு பக்கமும் மெல்லிய படலமாக சீலர் போதும், சிலர் அதுவும் இல்லாமல் உலர்வாகவே போடுவார்கள், முகம் தட்டையாக இருந்தால் அதுவும் நிற்கும். ஓ-ரிங்குக்கு சிலிகோன் கூடவே கூடாது. கூலண்டைத் தொட்டுத் தடவினால் போதும். பெக்கிங் கிடைக்காமல் சிலிகோனை மட்டும் நம்பினால், 2 மில்லிமீட்டர் கோடாக, போல்ட் துளைகளின் உட்புறமாகச் சுற்றி வையுங்கள். விரலால் மட்டும் இறுக்கி, ட்யூபில் சொன்ன நேரம் விட்டு, பிறகு முழுதாக இறுக்குங்கள். வெளியே பிதுங்கி நிற்கும் அளவு உள்ளேயும் பிதுங்கும், அது அறுந்து போய் ரேடியேட்டரை அடைக்கும்.

போல்ட் துளை தண்ணீர் அறைக்குள் திறக்கிறதா என்று ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். திறந்திருந்தால் மரைக்கு சீலர் தடவ வேண்டும், இல்லாவிட்டால் மரை வழியாகவே தண்ணீர் ஏறி போல்ட் தலைக்கு அடியில் ஒழுகும். அடி மூடிய துளையென்றால் உள்ளே தேங்கியிருக்கும் தண்ணீரைக் காற்றடித்து எடுங்கள். தண்ணீர் நிற்க போல்ட்டை இறுக்கினால் துளையின் அடி வெடிக்கலாம்.

8 மில்லிமீட்டர் போல்ட்டை 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும். உங்கள் எஞ்சினின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் சரி. டோர்க் ரென்ச் இல்லையென்றால் ஒரு சாண் நீளமுள்ள ஸ்பேனரில் 10 முதல் 12 கிலோ இழுவை என்று கணக்கு வையுங்கள். அதாவது ஒரு கையின் மணிக்கட்டு பலம், தோள் பலம் அல்ல. குழாய் செருகி நீட்ட வேண்டாம். எல்லாவற்றையும் கையால் பூட்டி, பாதி, முக்கால், முழு என்று மாறி மாறி இறுக்குங்கள்.

தண்ணீர் நிரப்புதல்

இங்கே காற்று தங்கினால் செய்த வேலை எல்லாம் வீண். நல்ல வேளையாக மலையில் சரிவுக்குப் பஞ்சமில்லை. கெபினை இறக்கிப் பூட்டிவிட்டு, லொறியின் மூக்கு மேல்நோக்கி இருக்க நிறுத்திக் கட்டை வையுங்கள். ரேடியேட்டர் வாய் உயரமான இடமாக வரும். கெபின் ஹீட்டர் இருந்தால் சூடு பக்கம் முழுதாகத் திருப்புங்கள். ஹவுசிங்கில் காற்றுத் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி வையுங்கள்.

கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி, குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கூலண்ட். நுவரெலியாவில் ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி படிவது உண்மை, ஆனால் நமக்குக் கூலண்ட் வேண்டியது முக்கியமாக அரிப்பைத் தடுக்க. கொதிநிலையும் சில பாகை ஏறும். இரண்டு நிறக் கூலண்டைக் கலக்காதீர்கள். மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழி நின்றதும் மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஐட்லிங்கில் ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும், மேல் ஹோஸும் சூடாகும். நிரப்பி, மூடி, ஆற விட்டு, மறுபடி பாருங்கள். அளந்து எடுத்ததைவிட ஒரு லீட்டர் குறைவாகத்தான் போயிற்று என்றால் அந்த ஒரு லீட்டர் இடத்தில் காற்று இருக்கிறது.

முதல் ஓட்டம் பாரமில்லாமல் ஒரு சிறு ஏற்றம். திரும்பி வந்து முழுதாக ஆறிய பிறகு போல்ட்டுகளை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். காகித பெக்கிங் போட்டிருந்தால் கொஞ்சம் அமர்ந்திருக்கும். ரிசேவ் போத்தலின் மட்டத்தைக் கோடு போட்டு வைத்து மூன்று நாள் காலையில் பாருங்கள்.

வழியில் ஒழுகினால்

கினிகத்தேனை வளைவில் நின்றுவிட்டால் கிளீனர் பையன் ஓடிப் போய்க் கேனில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவருவான். அதைச் சூடான எஞ்சினில் உடனே ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறும் வரை பொறுங்கள். போல்ட் தளர்ந்திருந்தால் மெதுவாக இறுக்கிப் பாருங்கள், வளைந்த முகமென்றால் நிற்காது. மூடியை முதல் படிக்குத் தளர்த்தி வைத்தால் அமுக்கம் குறைந்து ஒழுக்கும் குறையும், ஆனால் கொதிநிலையும் அமுக்கமில்லாத தண்ணீரின் அளவுக்கு இறங்கிவிடும். பாரத்தை இறக்கிவிட்டு, கீழ்நோக்கி, அருகிலுள்ள கராஜ் வரைக்கும் மட்டும் இந்த வழி.

டாஷ்போர்ட் முள்ளை அந்த நேரத்தில் நம்பாதீர்கள். சென்சர் பெரும்பாலும் இந்த ஹவுசிங்கிலோ அதன் பக்கத்திலோதான் இருக்கும், எஞ்சினில் உயரமான இடம். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போனதும் சென்சர் வெறும் காற்றில் நிற்கும், முள்ளும் கீழே இறங்கிவரும். ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்த முள் காரணமில்லாமல் இறங்கினால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.